மாத்திரை முதலில், கோப்பி அப்புறம்: கர்ப்பகாலத்தில் தைராய்டு

தைராய்டு குறைவாகச் சுரப்பவர்களுக்கு மருந்து லெவோதைராக்சின் என்ற குட்டி மாத்திரைதான். ஆனால் அதை எப்போது, எதோடு விழுங்குகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

1. கர்ப்பப் பரிசோதனையில் இரண்டு கோடு தெரிந்த அன்றே தைராய்டு பார்க்கும் டாக்டருக்குச் சொல்லிவிடுங்கள். முதல் ஸ்கேன் வரை காத்திருக்க வேண்டாம். ஏறக்குறைய முதல் 12 வாரம் குழந்தைக்குச் சொந்தச் சுரப்பு கிடையாது, அம்மாவுடையதுதான் போகிறது. அதனால் பலருக்கு மருந்தளவு கூடும். வாரத்துக்கு 7 மாத்திரை என்பதை 9 ஆக்கச் சொல்வதுண்டு. டாக்டர் சொல்லாமல் நீங்களாகக் கூட்டாதீர்கள், நிறுத்தவும் செய்யாதீர்கள்.

2. எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு மாத்திரை. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் கோப்பி, பசியாறல் எல்லாம். நான் செய்த கூத்தைக் கேளுங்கள்: வேலைக்கு ஓடும் அவசரத்தில் தைராய்டு, இரும்புச்சத்து, கால்சியம் மூன்றையும் உள்ளங்கையில் கொட்டி, கோப்பிக்கடைத் தேத்தண்ணியில் ஒரே மடக்கு. அடுத்த ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் (தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு குறைந்தால் இது கூடும்) ஏறியிருந்தது. இரும்பும் கால்சியமும் இந்த மருந்தை உடம்பில் சேரவிடாது. 4 மணி நேர இடைவெளி வேண்டும். சோயா பாலும் இடைஞ்சல்தான். இப்போது தைராய்டு அட்டை தலைமாட்டில் தண்ணீர் போத்தலோடு, இரும்பு மதியத்துக்கு, கால்சியம் ராத்திரிச் சாப்பாட்டோடு.

3. கர்ப்பத்தின் பாதி வரை 4 வாரத்துக்கு ஒருமுறை டிஎஸ்எச் பாருங்கள், பிறகு 30ஆவது வாரத்தையொட்டி ஒருமுறை. மருந்து எடுப்பவர்களுக்குப் பொதுவாக 2.5-க்குக் கீழே இருக்கவேண்டும் என்பார்கள். சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்தில் எடுத்த முடிவை ஹெல்த்ஹப் செயலியிலேயே பார்க்கலாம்.

4. அதிகமாகச் சுரப்பவர்களின் கதை வேறு. சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரை எடுப்பவர்கள் உடனே டாக்டரிடம் பேசுங்கள். முதல் மூன்று மாதம் மருந்தை மாற்றக்கூடும்.

5. பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் பழைய அளவுக்கே திரும்பச் சொல்வார்கள், 6 வாரத்தில் மறுபடி ரத்தப் பரிசோதனை. தாய்ப்பால் கொடுக்கும்போதும் லெவோதைராக்சின் எடுக்கலாம். பத்திய நாளில் அத்தை விடியற்காலையிலேயே லேகியத்தோடு வந்து நிற்பார். மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் ஆகட்டும் அத்தை என்று முதல் நாளே சொல்லிவையுங்கள்.