பழுப்புக் காகிதக் கூழை வெளுப்பது எப்படி? வீட்டிலேயே ஒரு சோதனை

காரைக்குடியில் மணகோலமும் சீப்புச் சீடையும் வாங்கிவந்த பழுப்புக் காகிதப் பையைத் தூக்கிப் போடாதீர்கள். அந்தப் பழுப்பு பெரும்பாலும் லிக்னினால் வருவது. மர இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை அது. மரத்தில் ஏறத்தாழ கால் பங்கு. காகித ஆலையில் மரச்சீவலைக் காரக் கரைசலில் 170 டிகிரி செல்சியஸ் அளவில் வேகவைத்து லிக்னினின் பெரும்பகுதியைக் கரைத்துவிடுவார்கள். இழையை விடாத மிச்சத்தைத்தான் வெளுப்பில் எடுக்க வேண்டும்.

எண்ணெய் படாத, அச்சில்லாத காகிதம் 50 கிராம் போதும். கிழித்து ஒரு இரவு ஊறவைத்து, சமையலுக்கு எடுக்காத பழைய மிக்ஸியில் அரையுங்கள்.

ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் சலவைச் சோடா கரைத்து, கூழைப் போட்டு அரைமணி நேரம் சிறுதீயில் வையுங்கள். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறும். துணியில் பிழிந்து, தெளிந்த நீர் வரும்வரை அலசுங்கள். இங்கே அவசரப்படவே கூடாது. ஆலையில் வெளுக்கச் சேர்க்கும் குளோரின் டை ஆக்சைடு லிக்னினை உடைத்தாலும், உடைந்த துண்டுகளை வெளியேற்றுவது அடுத்து வரும் காரக் கழுவல்தான்.

பிறகு அரை எலுமிச்சம்பழம் பிழிந்த நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து மறுபடி அலசுங்கள். கூழில் இரும்பு கொஞ்சம் இருந்தாலும், அடுத்து வெளுக்கச் சேர்க்கப்போகும் ஹைட்ரஜன் பெராக்சைடு வீணாகச் சிதைந்துவிடும். எலுமிச்சை அந்த இரும்பைப் பிடித்து வெளியேற்றும். முதல் தடவை அப்பத்தாவின் எனாமல் சட்டியில் செய்தேன். விளிம்பில் எனாமல் பெயர்ந்து இரும்பு தெரிந்ததை நான் கவனிக்கவில்லை. நுரை பொங்கியது, கூழ் பழுப்பாகவே கிடந்தது. கண்ணாடிப் பாத்திரமே நல்லது.

கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். பிழிந்த கூழில் 300 மில்லி வெந்நீர், ஒரு தேக்கரண்டி சலவைச் சோடா, மருந்துக்கடையில் கிடைக்கும் 6 சதவீதப் பெராக்சைடு 100 மில்லி சேருங்கள். சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி 60, 70 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். ஆக்சிஜன் வெளியேற வேண்டும், இறுக மூடாதீர்கள். பிளீச்சிங் பவுடர் மட்டும் வேண்டாம்: குளோரின் லிக்னினோடு சேர்ந்தால் நச்சுச் சேர்மங்கள் உண்டாகும்.

தும்பைப்பூ வெள்ளை வராது. சந்தன நிறம் வரும். பெராக்சைடு லிக்னினின் நிறத்தைப் போக்குமே தவிர, அதை அதிகம் வெளியேற்றாது. இதையும் பார்த்துவிடலாம். கூழை நன்றாக அலசித் தாளாக வார்த்து நிழலில் காயவையுங்கள். பாதியை அட்டையால் மூடி, வளவில் வெயில் விழும் இடத்தில் சில வாரம் வைத்துவிட்டு அட்டையை எடுங்கள். வெயில் பட்ட பாதி மஞ்சளித்திருந்தால், லிக்னின் இன்னும் உள்ளேதான் இருக்கிறது; அடுத்த முறை சோடாவில் வேகவைத்து அலசுவதை இரண்டு தடவை செய்யுங்கள்.