நோயுள்ள தெருப்பூனையைத் தத்தெடுக்கும்போது

மீட்பவர்கள் ஒரு பூனையைக் காட்டி, "கொஞ்சம் சளி இருக்கிறது, சரியாகிவிடும்" என்று சொன்னால், அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கூடையைக் கையில் வாங்காதீர்கள். அவர்கள் எதையும் மறைப்பதாக நான் சொல்லவில்லை. நாற்பது ஐம்பது பூனைகளை ஒன்றாகப் பராமரிப்பவர்களுக்குச் சளி ஒரு நோயாகவே தோன்றாமல் போய்விடுகிறது. எந்த மருந்து, எத்தனை நாளாகக் கொடுக்கப்படுகிறது, கடைசியாக எப்போது தானாகச் சாப்பிட்டது, எதைச் சாப்பிட்டது என்ற விவரங்களையும் மருந்துச் சீட்டின் படத்தையும் வாட்ஸ்அப்பில் வாங்கி வைத்துக்கொண்டால், மறுநாள் கால்நடை மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளுக்குப் பதில் உங்களிடம் இருக்கும். தனியார் மருத்துவமனைச் செலவு கட்டுப்படியாகாதவர்கள், சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களில் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளுக்குச் செல்லலாம். கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுவது நல்லது.

முதல் பரிசோதனையிலேயே எஃப்ஐவி (பூனையின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பது), பூனை லுக்கீமியா ஆகிய இரு வைரஸ்களுக்கும் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். சில துளி இரத்தம் போதும். எஃப்ஐவி பெரும்பாலும் சண்டையில் ஏற்படும் ஆழமான கடிக்காயத்தின் வழியாகவே பரவுவதால், அது உள்ள பூனை கருத்தடை செய்யப்பட்டு, சண்டைக்குப் போகாமல் வீட்டோடு இருந்தால் பல ஆண்டுகள் நலமாக வாழக்கூடும். லுக்கீமியா அப்படியல்ல, ஒரே கிண்ணத்தில் உண்பதாலும் ஒன்றையொன்று நக்கிக்கொள்வதாலும் உமிழ்நீர் வழியாகப் பரவும் என்பதால், வீட்டில் ஏற்கெனவே பூனை வளர்ப்பவர்கள் இந்த முடிவு தெரியும் முன் இரண்டையும் சேர்த்து விடக்கூடாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு எஃப்ஐவி இருப்பதாக முடிவு வந்தால் பதற வேண்டாம். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் புரதங்களே அப்படிக் காட்டக்கூடும் என்பதால், சில மாதங்கள் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும்.

குறைந்தது இரண்டு வாரம் புதுப் பூனைக்கென ஒரு தனி அறை வேண்டும். தனி அறை இல்லாத வீட்டில் குளியலறையும் போதும். ஒரு மணல் தட்டு, அதற்கு எதிர்மூலையில் தண்ணீரும் உணவும், ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி, பழைய பருத்திப் புடவை, இவ்வளவே தேவை. நம் வீடுகளில் வழக்கமாகச் செய்யும் ஒரு தவறு இங்கேதான் நடக்கிறது: சுத்தமாக இருக்கட்டும் என்று ஃபினைலோ டெட்டாலோ ஊற்றித் தரையைத் துடைக்கிறோம். இவற்றில் உள்ள ஃபீனால் வகைப் பொருள்களைப் பூனையின் கல்லீரலால் எளிதில் வெளியேற்ற முடியாது. ஈரத்தரையில் நடந்து, பிறகு பாதத்தை நக்கும் பூனைக்கு அது நஞ்சு. ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு முப்பத்திரண்டு பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, பத்து நிமிடம் விட்டு, வெறும் நீரால் கழுவி, நன்றாகக் காய்ந்த பின் பூனையை விடுங்கள். அந்த அறையில் முன்பு பேன்லுகோபீனியா என்ற கொடிய வைரஸ் நோய் கண்ட பூனை இருந்திருந்தால் இப்படிச் செய்வது கட்டாயம். அந்த வைரஸ் ஓராண்டுகூடத் தரையிலும் துணியிலும் உயிர்ப்போடு கிடக்கும்.

இனி உணவு. என் அனுபவத்தில், நோயுள்ள பூனையைப் பிழைக்க வைப்பதில் பாதிப் பங்கு இதற்குத்தான். மூக்கடைத்த பூனைக்கு மணம் தெரியாது, மணம் தெரியாத பூனை உண்ணாது, இரண்டு மூன்று நாள் உண்ணாத பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு தேங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும். ஆகவே ஒரு முழு நாள் உண்ணாமல் இருந்தாலே மருத்துவரைக் கூப்பிடுங்கள். உப்பும் வெங்காயமும் பூண்டும் சேர்க்காமல் வேகவைத்த நெத்திலியையோ மத்தியையோ முள் நீக்கி மசித்து, வெதுவெதுப்பாக மூக்கருகே நீட்டிப் பாருங்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்து குளியலறையில் ஆவி நிரப்பிப் பத்து நிமிடம் பூனையோடு உட்கார்ந்திருந்தாலும் அடைப்பு இளகும். பால் வேண்டாம், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் வயிற்றுப்போக்கைத்தான் தரும். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள். ரோமத்துக்குள் மறைந்து நடக்கும் மெலிவு கண்ணுக்குத் தெரிவதற்கு முன் எண்ணில் தெரிந்துவிடும்.

மாத்திரை கொடுப்பது பலரை அழவைக்கும் வேலை. பூனையைத் துண்டால் கழுத்துவரை இறுகச் சுற்றி, அதன் முதுகுப்புறம் உங்கள் வயிற்றில் படும்படி மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள். இடது உள்ளங்கையைத் தலைமேல் கவிழ்த்து, கட்டைவிரலும் நடுவிரலும் இரு கன்ன எலும்புகளில் படப் பிடித்து, மூக்கு கூரையைப் பார்க்கும் அளவுக்கு நிமிர்த்தினால் கீழ்த்தாடை தானே தளரும். வலக்கை விரலால் தாடையைத் தாழ்த்தி, நாக்கின் மேல், தொண்டையை ஒட்டிய பின்பகுதியில் மாத்திரையைப் போட்டு, வாயை மூடி, தொண்டையை மெல்ல நீவுங்கள். அதோடு முடிந்ததென்று விட்டுவிடாமல், ஊசியில்லாத சிரிஞ்சில் 5 மில்லி தண்ணீரைக் கடைவாய் ஓரமாகச் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். சளிக்கு அடிக்கடி எழுதப்படும் டாக்சிசைக்ளின் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கே புண்ணாகி, குழாயே சுருங்கிப்போகும். எங்கள் வீட்டு ஒற்றைக்கண் பூனை முதல் நான்கு மாத்திரைகளை அலமாரிக்கு அடியில் துப்பி வைத்திருந்ததைப் பெருக்கும்போதுதான் கண்டேன். ஆகவே கொடுத்தபின் சில நிமிடம் கண்ணை எடுக்காதீர்கள்.

பூனையின் இயல்பான உடல்வெப்பமே 38 முதல் 39 டிகிரி செல்சியசுக்குச் சற்று மேல்வரை இருக்கும்; தொட்டால் சுடுகிறதே என்று பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். அரை மாத்திரையே பூனையைக் கொல்லப் போதுமானது. நாய்க்கான உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் அதுவும் அப்படியே. ஆண் பூனை மணல் தட்டில் அடிக்கடி முக்கியும் சிறுநீர் வராவிட்டால், மலச்சிக்கல் என்று நினைத்து விடியும்வரை காத்திருக்க வேண்டாம். அது சிறுநீர்ப்பாதை அடைப்பாக இருக்கக்கூடும், அன்றிரவே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

பயந்த பூனை கடிக்கும், பிறாண்டும். காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று ரேபிஸ் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். பூனைதானே என்ற அலட்சியம் கூடாது. வட்டவட்டமாக ரோமம் உதிர்ந்திருந்தால் அது நமக்கும் தொற்றும் படர்தாமரையாக இருக்கலாம் என்பதால், குழந்தைகளைச் சில நாள் தள்ளி வையுங்கள்.

தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் அவசரப்பட வேண்டாம். காய்ச்சல் நீங்கி, எடை ஏறத் தொடங்கிய பின் மருத்துவர் சொல்லும் நாளில் செய்துகொள்ளலாம். அதற்குள் பால்கனிக்கும் சன்னல்களுக்கும் வலை அடித்துவிடுங்கள். தெருவை அறிந்த பூனை முதல் சில வாரங்கள் இரவில் கதவருகே நின்று கத்தும். அப்போது இரக்கப்பட்டுத் திறந்துவிட்டால், பாதியில் நின்ற மருந்தோடு அது மறுபடியும் தெருவுக்குப் போய்விடும்.