குரூப் 4-க்கு டெலிகிராமில் சேர்ந்து படிப்பது எப்படி?

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டிஎன்பிஎஸ்சி) நடத்தும் குரூப் 4 தேர்வுக்கான டெலிகிராம் குழுக்களில் பெரும்பாலானவை பிடிஎஃப் கிடங்குகள்தாம். உறுப்பினர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள், படிப்பவர்கள் மிகச் சிலரே. உண்மையிலேயே படிக்க 12 பேர் போதும். கூட்டம் பெருகினால் பாதிப் பேர் வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

குழுவில் சேர்ந்ததும் ஒவ்வொருவரும் டெலிகிராமின் பிரைவசி அமைப்புக்குப் போய், தொலைபேசி எண் யாருக்கும் தெரியாதபடி மாற்றிவிடுங்கள். எண்ணைப் பார்த்து அழைக்கும் தொல்லையால் பெண்கள் விலகிப்போவதை இது ஓரளவு தடுக்கும். கோப்பு அனுப்பும் அனுமதி அட்மினுக்கு மட்டும் இருக்கட்டும்.

தினம் ஒருவர் வினா எடுக்க வேண்டும். குழுவின் உயிரே இந்த முறையில்தான் இருக்கிறது: பதில் சொல்பவரைவிட வினா எடுப்பவருக்கே பாடம் ஆழமாகப் பதியும். 6 முதல் 10-ஆம் வகுப்பு வரையிலான பள்ளிப் பாடநூல்களிலிருந்து 10 வினாக்கள். தேர்வின் 200 வினாக்களில் 100 தமிழ். அந்தத் தமிழ்ப் பகுதிக்கான 150 மதிப்பெண்ணில் 60 வராவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆகவே பத்தில் ஆறு வினாவாவது தமிழ்ப் பாடத்திலிருந்து இருக்கட்டும்.

வினாவை டெலிகிராமின் வாக்கெடுப்பாக (poll) உருவாக்கும்போது, சரியான விடையைக் குறித்து வைக்கும் 'குவிஸ் மோட்' போடுங்கள். பெயரை மறைக்கும் 'அனானிமஸ்' என்பதை நிறுத்திவிடுங்கள். யார் எதில் தடுமாறினார் என்று அப்போதுதான் தெரியும். விளக்கப் பெட்டியில் வகுப்பும் பக்க எண்ணும் அவசியம். அனுப்பும் முன் சரியான விடையைத்தான் குறித்தோமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தவறிவிட்டால் அழித்துவிட்டு மீண்டும் போட வேண்டியதுதான்.

தவறான விடைகளைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மணிமேகலையை எழுதியவர் யார் என்று கேட்டு, சீத்தலைச் சாத்தனாருடன் பாரதியாரையும் பாரதிதாசனையும் நிறுத்தினால் படிக்காதவரும் சொல்லிவிடுவார். இளங்கோவடிகள், திருத்தக்கதேவர், நாதகுத்தனார் என்று காப்பியப் புலவர்களையே வையுங்கள்.

ஐந்தாவதாக 'விடை தெரியவில்லை' என்பதையும் சேருங்கள். தேர்வின் ஓஎம்ஆர் விடைத்தாளிலும் அது உண்டு. தேர்வு அறையில் குருட்டாம்போக்கில் குறிப்பது வேறு. குழுவில் அப்படிக் குறித்தால் எது தெரியாது என்பதே மறைந்துபோகும்.

பாதிப் பேருக்கு மேல் தவறவிட்ட வினாவை ஒரு வாரம் கழித்து, விடைகளின் வரிசையை மாற்றி மறுபடி போடுங்கள். தேர்வுத் தேதி பற்றிய ஃபார்வர்டு வந்தால் டிஎன்பிஎஸ்சி இணையதளத்தில் பார்க்கும்வரை நம்ப வேண்டாம். தன் முறை வந்தும் இரண்டு தடவை வினா போடாதவரைக் குழுவிலிருந்து எடுத்துவிடலாம், நண்பராகவே இருந்தாலும்.