ரியர் சைட்டைத் திருகுவதற்கு முன்: ஏர் ரைஃபிளில் குறி விலகினால் எங்கே பார்ப்பது

10 மீட்டர் ஏர் ரைஃபிள் டார்கெட்டில் ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் இடைவெளி 2.5 மி.மீ. குறிபார்க்கக் கண்ணருகே இருக்கும் ரியர் சைட், பேரல் முனையில் இருக்கும் ஃப்ரண்ட் சைட் என்ற இரண்டு சைட்டுகளுக்கும் நடுவே 700 மி.மீ. தூரம் இருந்தால், ரியர் சைட் 0.07 மி.மீ. நகர்ந்தாலே பெல்லட் (ஏர் ரைஃபிளின் ரவை) 1 மி.மீ. தள்ளி விழும். ஒரு தாளின் தடிமன் அளவுக்கு, அதாவது 0.1 மி.மீ. ஆட்டம் இருந்தாலே அரை வளையத்துக்கு மேல் போய்விடும். அதனால் பீப் சைட் (சின்னத் துளை வழியாகப் பார்த்துக் குறிவைக்கும் ரியர் சைட்) கோளாறு என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை எங்கோ ஒரு ஸ்க்ரூ தளர்ந்த கதைதான். சைட்டின் திருத்தக் குமிழைத் திருகித் திருகி அதைச் சரிசெய்யப் பார்ப்பவர்கள், கடைசியில் பழைய ஜீரோவையும் (குறிவைத்த இடத்திலேயே பெல்லட் விழும் அமைப்பையும்) தொலைத்துவிடுவார்கள்.

முதலில் குமிழ்களைத் தொடாமல் ஐந்து பெல்லட் சுடுங்கள். ரைஃபிளின் முன்கட்டையை மணல் பை மேல் வைத்து, ஒவ்வொரு முறையும் பை அதே இடத்தில் படும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்தும் ஒன்றையொன்று தொட்டு ஒரே ஓட்டையாகி, அந்த ஓட்டை நடுவிலிருந்து தள்ளி இருந்தால் ஜீரோதான் மாறியிருக்கிறது. குமிழைச் சில கிளிக் (ஒவ்வொரு ‘டிக்’ சத்தமும் ஒரு படி) திருகினால் தீரும். ஐந்தும் சிதறியிருந்தால் கிளிக்குக்கு வேலையே இல்லை. குரூப் (சுட்ட ஓட்டைகளின் கூட்டம்) ஒரே வரிசையில் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டே போனால் சைட்டை விட்டுவிட்டு சிலிண்டரின் காற்றழுத்தத்தைப் பாருங்கள். அழுத்தம் ரெகுலேட்டருக்குத் (ஒவ்வொரு முறையும் காற்றைச் சீரான அழுத்தத்தில் விடும் பகுதிக்கு) தேவையான அளவுக்குக் கீழே போனதும் வேகம் குறைந்து பெல்லட் தாழ்வாகத்தான் விழும்.

சிதறல் என்றால், பேரலில் பெல்லட் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு கையால் ஆட்டிப் பார்க்கும் வேலை. கண்ணுக்கு அருகிலிருந்து முன்னோக்கிப் போகலாம். ரியர் சைட்டின் பின்புறம் திருகி மாட்டியிருக்கும் ஐரிஸை, அதாவது பார்க்கும் துளையின் அளவைக் கூட்டிக் குறைக்கும் பகுதியை, பிடித்து ஆட்டுங்கள். அதன் மரை அரைச் சுற்று தளர்ந்திருப்பது யாருமே சந்தேகப்படாத, ஆனால் அடிக்கடி நடக்கிற கோளாறு. துளையின் அளவை மாற்றத் திருகும்போது ஐரிஸ் முழுவதுமே சேர்ந்து கழன்று வந்துவிடும். அடுத்து, சைட் உட்கார்ந்திருக்கும் 11 மி.மீ. டவ்டெயில் ரெயில் (சைட்டின் கவ்வி பிடித்துக்கொள்ளும், ஓரம் சரிந்த பட்டை). அலன் ஸ்க்ரூக்களைக் கழற்றி சைட்டை எடுத்து, ரெயிலிலும் கவ்வும் பகுதியிலும் உள்ள எண்ணெயை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். இரண்டு ஸ்க்ரூ இருந்தால் ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு மற்றதற்குப் போகக் கூடாது; கொஞ்சம் இது, கொஞ்சம் அது என்று மாறி மாறி இறுக்குங்கள். ரெயில் அலுமினியம் என்பதால் பலத்தைக் காட்ட வேண்டாம். இறுக்கியதும் சைட்டின் ஓரத்தில் ரெயில் மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டுவையுங்கள். 50 பெல்லட் கழித்துக் கோடு விலகியிருந்தால் குற்றவாளி யார் என்பது தெரிந்துவிடும். ஸ்பிரிங் பிஸ்டன் ரைஃபிள்களில் இது அதிகம். பிஸ்டன் பின்னும் முன்னும் இரண்டு உதை கொடுப்பதால் சைட் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும்.

ஃப்ரண்ட் சைட்டையும் விட வேண்டாம். குழல் லேசாகச் சுழன்றிருக்கலாம், உள்ளே போடும் வளையம் பள்ளத்தில் முழுதாக உட்காராமல் இருக்கலாம், பேரல் முனையில் மாட்டிய நீட்டிப்புக் குழாய் தளர்ந்திருக்கலாம்.

எல்லாம் இறுக்கமாக இருந்தும் குரூப் பக்கவாட்டில் நீள்கிறதா? கன்னத்தைப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு வழக்கம்போல் சீக் பீஸில் (கன்னம் சாயும் கட்டையில்) கன்னத்தை வைத்து, பிறகு கண்ணைத் திறங்கள். ரியர் சைட் துளைக்குள் ஃப்ரண்ட் சைட்டின் குழல் சரியாக நடுவில் தெரிய வேண்டும். ஒரு பக்கம் பிறை போல இருட்டு தெரிந்தால் நகர வேண்டியது சீக் பீஸ், சைட் அல்ல. கழுத்தை நீட்டிச் சமாளிப்பவர்களுக்கு இருபதாவது பெல்லட்டுக்குள் கழுத்து பழைய நிலைக்குப் போய்விடும், குரூப்பும் கூடவே போகும். ஐரிஸ் துளையைத் தேவைக்கு மேல் பெரிதாகத் திறந்துவைத்தாலும் இந்தத் தவறு கண்ணில் படாது. 1.0 முதல் 1.4 மி.மீ. வரை வைத்துத் தொடங்குங்கள். ஃப்ரண்ட் வளையம் மிகவும் சிறியதாக இருப்பது இன்னொரு வம்பு. டார்கெட்டின் கறுப்பு வட்டம் 30.5 மி.மீ.; அதைச் சுற்றித் தாராளமான வெள்ளை தெரியும்படி 3.8 மி.மீ.க்குக் குறையாத வளையம் போடுவது நல்லது. இறுக்கமான வளையம் துல்லியம் தரும் என்பது புதியவர்களின் நம்பிக்கை. நடைமுறையில் அது தயக்கத்தைத்தான் தரும்.

இப்போது சைட்டையே சோதிக்கலாம். இதற்குச் சதுரச் சோதனைதான் சிறந்தது. குறிவைக்கும் இடத்தை மாற்றாமல் மூன்று பெல்லட். 40 கிளிக் மேலே, மூன்று. 40 கிளிக் வலம், மூன்று. 40 கீழே, மூன்று. 40 இடப்பக்கம், மூன்று. கடைசி மூன்றும் முதல் ஓட்டையிலேயே விழ வேண்டும். ஒரு கிளிக்குக்கு டார்கெட்டில் எவ்வளவு நகரும் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். சதுரத்தின் பக்கத்தை 40-ஆல் வகுத்தால் உங்கள் சைட்டின் கணக்கு கிடைத்துவிடும். பக்கம் 12 மி.மீ. என்றால் கிளிக்குக்கு 0.3 மி.மீ.

தொடங்கிய இடத்துக்குத் திரும்பவில்லை என்றால் திருகு மரையில் தேய்மான இடைவெளி இருக்கிறது. திசை மாற்றும்போது முதல் சில கிளிக்குகள் சத்தம் மட்டும் போடும், சைட்டை நகர்த்தாது. தற்காலிக வழி உண்டு: எந்தத் திருத்தத்தையும் எப்போதும் ஒரே திசையில் முடியுங்கள். 6 கிளிக் கீழே வேண்டுமென்றால் 11 கீழே போய் 5 மேலே வாருங்கள். நிரந்தர வழி சர்வீஸ்தான். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் உருண்டையும் மிகச் சிறியவை. மேஜையில் வைத்துப் பிரிப்பவர்கள் பிறகு தரையில் தேடுவார்கள்.

சதுரம் சாய்ந்து விழுந்தால் சைட் ரெயிலில் கோணலாக உட்கார்ந்திருக்கிறது, அல்லது நீங்கள் ரைஃபிளைச் சாய்த்துப் பிடிக்கிறீர்கள். நிமிர்த்தி ஜீரோ செய்த ரைஃபிளை வலப்பக்கம் சாய்த்தால் பெல்லட் வலப்பக்கம் போகும். விநாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போகும் பெல்லட் 10 மீட்டருக்குள் ஏறக்குறைய 17 மி.மீ. தாழ்கிறது, அதை ஈடுகட்டத்தான் பேரல் சற்று மேல்நோக்கி இருக்கிறது. 5 டிகிரி சாய்ந்தால் அந்த மேல்நோக்கில் ஒரு பங்கு பக்கவாட்டுக்குப் போய், சுமார் 1.5 மி.மீ. விலகல் வரும். எப்போதும் ஒரே அளவில் சாய்த்துப் பிடிப்பவருக்கு இதனால் கேடில்லை, அந்தச் சாய்விலேயே ஜீரோ செய்துகொள்ளலாம். ஒரு பெல்லட்டுக்கு ஒரு சாய்வு என்பதுதான் தொல்லை.

திருகும் திசையிலும் கவனம் தேவை. ரியர் சைட் எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கம் பெல்லட் போகும். ஃப்ரண்ட் சைட்டில் இது தலைகீழ். ஆனால் குமிழில் உள்ள எழுத்துகளை நம்ப வேண்டாம். சில சைட்டுகளில் அந்த எழுத்து பெல்லட் போக வேண்டிய திசையைக் குறிக்கும். சிலவற்றில் பெல்லட் தவறாக விழுந்த திசையைக் குறிக்கும். 10 கிளிக் போட்டு மூன்று பெல்லட் சுட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

குமிழ் ஒரு பக்கத்தின் எல்லைக்கே போய் நின்றும் பெல்லட் நடுவுக்கு வரவில்லையா? வலுக்கட்டாயமாகத் திருகாதீர்கள். ஒரு எல்லையிலிருந்து மறு எல்லை வரை கிளிக்குகளை எண்ணி, பாதியில் நிறுத்துங்கள். அங்கிருந்து சுட்டுப் பார்த்து விலகலை அளந்துகொள்ளுங்கள். பக்கவாட்டு விலகல் என்றால் ஃப்ரண்ட் சைட் குழல் சுழன்றிருக்கிறதா, ரியர் சைட்டின் கவ்வி ரெயிலின் ஒரு ஓரத்தில் மட்டும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் பேரலை ஆர்மரரிடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம்) காட்டுங்கள். உயர விலகல் என்றால் பெரும்பாலும் ஒரு சைட்டுக்கு மட்டும் உயரக்கட்டை போட்டிருப்பார்கள். மற்றதற்கும் அதே உயரத்தில் போட வேண்டும்.