சீ ஸ்கவுட்ஸ், சீ கேடட்ஸ் பயிற்சி: பெரியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இது சீ ஸ்கவுட்ஸ் (படகு, கடல் பயிற்சி தரும் சாரணர் பிரிவு), சீ கேடட்ஸ் (கடற்படை பாணியில் பயிற்சி தரும் இளையோர் அமைப்பு) இவற்றில் பிள்ளையைச் சேர்த்துவிடும் பெற்றோருக்கும் பயிற்சி கொடுப்பவர்களுக்கும் சேர்த்தே, ஏனென்றால் இங்கே நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் நம்முடையவைதான்.

லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டோம், இனிப் பயமில்லை என்று நினைப்பது முதல் தவறு. அளவு பெரிதாக இருந்தால் தண்ணீரில் விழுந்ததும் அது மேலே ஏறி முகத்தை மூடிக்கொள்ளும். தோள் பக்கம் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், காது வரைக்கும் வந்தால் அந்த அளவு சரிப்படாது. "அவனுக்குத்தான் நீச்சல் தெரியுமே" என்று ஜாக்கெட் இல்லாமல் ஏற்றவே கூடாது, குளிர்ந்த தண்ணீரில் திடீரென விழுந்தால் நன்றாக நீந்துகிறவனுக்கும் முதல் ஒரு நிமிடம் மூச்சு தாறுமாறாக வாங்கும்.

அடுத்தது காற்று. கரையிலிருந்து கடலை நோக்கி வீசும்போது கரையோரத் தண்ணீர் அலையே இல்லாமல் கிடக்கும், அதை நம்பிப் படகை இறக்கினால் போவது சுலபம், திரும்புவதுதான் பாடு. 1912 ஆகஸ்டில் இங்கிலாந்தின் லேஸ்டவுன் கரையருகே சாரணர் படகு ஒன்று திடீர்க் காற்றில் கவிழ்ந்து ஒன்பது சிறுவர்கள் இறந்தார்கள், கூடவே பெரியவர்கள் இருந்தும். அதனால் கவிழ்ந்தால் என்ன செய்வது என்பதை ஆழமில்லாத இடத்தில் வேண்டுமென்றே கவிழ்த்துப் பழக்குங்கள்; படகை விட்டுவிட்டுக் கரைக்கு நீந்தக் கிளம்பக் கூடாது என்பது அப்போதுதான் மனதில் நிற்கும்.

முடிச்சு விஷயம் சின்னதுதான். வகுப்பில் மெல்லிய கயிற்றில் போலைன் (இறுகாத வளையம் தரும் முடிச்சு) போட்டு பேட்ஜ் வாங்கியவன், ஆடும் படகில் நனைந்த கயிற்றோடு திணறுவான். அங்கேயே போடச் சொல்லுங்கள்.

தலைமைப் பண்பு என்று தனியாக ஒரு மணி நேரம் பேசுவதைவிட, சுக்கானைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பது மேல். சுக்கான் பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும், புதுப் பையன் முதலில் மாற்றித்தான் தள்ளுவான், படகு சுற்றும், பாய் படபடவென்று அடிக்கும். ஆபத்தில்லை என்றால் சுற்றட்டுமே! கையை நீட்டிப் பிடுங்கினால் அடுத்த முறை அவன் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் ஓட்டுவான். அப்புறம், எப்போதும் கெட்டிக்காரப் பிள்ளையையே தலைவனாக்குவதும் வேண்டாம்.

படகு கழுவுவதைத் தண்டனையாகக் கொடுப்பவர்களும் உண்டு. தப்பு செய்தவன் செய்யும் வேலை என்று ஆகிவிட்டால் மற்றவர்கள் அதைத் தொடவே மாட்டார்கள், ஒழுக்கம் எங்கிருந்து வரும்?

பெற்றோர் சேர்க்கும் முன்பே ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: ஒரு பெரியவர் மட்டும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கும் நிலை வராமல் என்ன ஏற்பாடு வைத்திருக்கிறீர்கள்? கேட்டதற்கே முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள்.