'புட்' என்ற ஒரே வினையிலிருந்து ஃபிரேசல் வெர்ப் கற்கும் முறை

ஆங்கிலம் பேசப் பழகும் நம்மவர் பலர் 'ஃபேனைப் போடு' என்பதை 'புட் த ஃபேன்' என்று சொல்லிவிடுகிறார்கள். தமிழில் 'போடு' ஒன்றே போதும். ஆங்கிலத்திலோ 'புட் த ஃபேன் ஆன்' என்றால்தான் பொருள் நிறைவுபெறும். இப்படி ஒரு வினையும் அதைத் தொடரும் சிறு சொல்லும் சேர்ந்து தனிப்பொருள் தருவதையே ஃபிரேசல் வெர்ப் என்கிறோம்.

படி 1: நோட்டுப் பக்கத்தின் நடுவில் 'புட்' என்று எழுதி, அதைச் சுற்றி ஆன், ஆஃப், அவுட், அவே ஆகிய நான்கை மட்டும் எழுதுங்கள். ஒரே நாளில் நாற்பதை மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

படி 2: தமிழ்ப் பொருளைச் சேருங்கள். சட்டை போடுவது புட் ஆன். கூட்டத்தைத் தள்ளிப்போடுவது புட் ஆஃப். தீயை அணைப்பது புட் அவுட். பொருளை அதனதன் இடத்தில் எடுத்துவைப்பது புட் அவே. முதல் இரண்டிலும் தமிழும் 'போடு' என்றே சொல்வது நமக்குக் கிடைத்த நல்ல பிடிமானம். உடம்பு சதை போடுவதுகூட 'புட் ஆன் வெயிட்'தான். ஆனால் ஒரு தொடருக்கு ஒரே பொருள் என்று எண்ணிவிடக் கூடாது: 'த ஸ்மெல் புட் மீ ஆஃப்' என்றால், அந்த வாடையால் எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது என்று பொருள்.

படி 3: இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். 'புட் ஆஃப் த மீட்டிங்', 'புட் த மீட்டிங் ஆஃப்' இரண்டும் சரியே. மீட்டிங்குக்குப் பதில் 'இட்' வந்தால் 'புட் இட் ஆஃப்' மட்டுமே சரி. 'புட் ஆஃப் இட்' பிழை. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: அழுத்தம் 'ஆஃப்' மேல் விழ, 'இட்' இடையில் மெலிந்து ஒலிக்கும். பத்து முறை சொன்னால் விதியைக் காதே பிடித்துக்கொள்ளும்.

படி 4: மூன்று சொல் தொடர்கள் பெரும்பாலும் இவ்வாறு பிரிவதில்லை. பொறுத்துக்கொள்வதைக் குறிக்கும் 'புட் அப் வித்' தொடரில் 'இட்' கடைசியில்தான் வரும்: 'ஐ கான்ட் புட் அப் வித் இட்'. 'வித்' விடுபட்டால் பொருளே மாறிவிடும். 'வீ புட் தெம் அப்' என்றால், அவர்களை நம் வீட்டில் தங்கவைத்தோம் என்று பொருள்.

படி 5: நேற்று நீங்கள் செய்தவற்றைக் கொண்டு நான்கு வாக்கியங்கள் எழுதுங்கள். இறந்தகாலத்திலும் 'புட்' மாறாது என்பதால், 'ஐ புட் மை புக்ஸ் அவே' என்று அப்படியே எழுதலாம்.