வெரைட்டி பேக்கைத் திறக்கும் முன்: பீர் ருசி பார்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் நண்பர் ஒருவர் ஒரு பட்டியல் அனுப்பினார். பல ப்ரூவரிகள் (பீர் ஆலைகள்) கைகோத்துத் தயாரித்த 12 வகை பீர் அடங்கிய பேக்கை வாங்கி, நாலு பேராக உட்கார்ந்து, ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் ருசித்து வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். முதலிடம் டபுள் ஐபிஏ என்ற, கசப்பும் ஆல்கஹாலும் தூக்கலான பீருக்கு. கடைசி இடம் பில்ஸ்னர் என்ற வெளிர் நிற, லேசான பீருக்கு. பக்கத்திலேயே "தண்ணி மாதிரி" என்று ஒரு குறிப்பு. பல வருஷங்களுக்கு முன் நான் எழுதிய பட்டியலும் அச்சு அசல் இப்படித்தான் இருந்தது. கண்ணாடி தம்ளரில் ஊற்று, நோட்டில் எழுது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் செய்கிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

கனமான பீரில் தொடங்குவது

இன்றைக்கும் என்னை எரிச்சல்படுத்துவது இந்தத் தவறுதான். கூட்டுத் தயாரிப்பு பேக்கில் பெரும்பாலும் ஒரு வகைக்கு ஒரே பாட்டில்தான் இருக்கும். 2014-இல் கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா ப்ரூவரி, வேறு 12 ப்ரூவரிகளோடு சேர்ந்து 'பீர் கேம்ப்' பேக்கைக் கொண்டுவந்தபோதும் 12 பீரும் 12 விதம். ஒன்றைக் கெடுத்துக்கொண்டால் மறுபடி ருசித்துப் பார்க்கக் கையில் இன்னொன்று இருக்காது.

நான் கெடுத்துக்கொண்டது வேறொரு பேக்கை. லேபிளைப் பார்த்த ஆசையில் டபுள் ஐபிஏவை முதலில் உடைத்தேன். அடுத்ததாக ஒரு கோல்ஷ், ஜெர்மனியின் லேசான பீர் வகை. வெளிர் தங்க நிறம், மெல்லிய நுரை. இரண்டு மிடறு குடித்தும் ஒன்றுமே தெரியவில்லை. "சுவையில்லை" என்று எழுதிவிட்டு மூன்றாவதற்குப் போய்விட்டேன். சில வாரம் கழித்து, அதே பேக்கை வாங்கிய நண்பர் வீட்டில் அந்தக் கோல்ஷைத் தனியாகக் குடிக்கக் கிடைத்தது. அப்போதுதான் வெட்டிய ரொட்டியின் வாசனை, பின்னால் பேரிக்காய் மாதிரி ஒரு மெல்லிய இனிப்பு, கடைசியில் துடைத்துவிட்டதுபோல் சுத்தமான முடிவு. அந்த பேக்கிலேயே நுட்பமாகச் செய்யப்பட்ட பீர் அதுதான். நான் அதை 11-ஆவது இடத்தில் வைத்திருந்தேன்.

காரணம் எளிது. ஹாப்ஸ் என்ற பூவைக் கொதிக்கவைக்கும்போது உருவாகும் ஐசோ-ஆல்ஃபா அமிலங்கள்தான் பீரின் கசப்புக்கு அடிப்படை. அந்தக் கசப்பு நாக்கை லேசில் விடாது. மிடறுக்கு மிடறு ஏறிக்கொண்டே போகும். கசப்பை அளக்கும் அலகு ஐபியு. கோல்ஷின் கசப்பு 18 முதல் 30 ஐபியு. டபுள் ஐபிஏ 60-ஐத் தாண்டித்தான் ஆரம்பிக்கும். அதைக் குடித்த வாய்க்குக் கோல்ஷ் தண்ணீராகத் தெரியாமல் வேறு எப்படித் தெரியும்?

அதற்காக ஐபியு எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினாலும் தப்பாகிவிடும். இம்பீரியல் ஸ்டவுட் என்ற கனமான கறுப்பு பீரில் எண் பெரிதாக இருக்கும். ஆனால் மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய தானியம்) இனிப்பு கசப்பை மூடிவிடும். நான் பின்பற்றும் வரிசை இது: முதலில் பில்ஸ்னர், கோல்ஷ், கோதுமை பீர், பிறகு ஆம்பர், பிரவுன் ஏல், அதன்பின் பேல் ஏல், ஐபிஏ, கடைசியில் ஸ்டவுட்டும் பீப்பாயில் ஊறியவையும். புளிப்பு பீருக்கும் புகைவாசனை பீருக்கும் தனி நாள் ஒதுக்குங்கள்.

ஒரே உட்காரலில் 12

வேண்டாம். ஒரு நாளைக்கு நாலு, ஒவ்வொன்றிலும் தலைக்கு 100 மில்லிலிட்டருக்குள். 9 சதவீத பீர் 355 மில்லிலிட்டரில் சுமார் 25 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. ஏழாவது பீருக்கு மதிப்பெண் போடும்போது நீங்கள் நிதானத்தில் இருக்க மாட்டீர்கள்.

எல்லாவற்றையும் ஃபிரிட்ஜ் குளிரிலேயே குடிப்பது

பில்ஸ்னருக்கு 4 முதல் 7 டிகிரி செல்சியஸ் சரி. ஸ்டவுட்டுக்கு 10 முதல் 13 வேண்டும். குளிரில் மணம் எழும்பாது. ஸ்டவுட்டை ஊற்றி, தம்ளரை உள்ளங்கையில் ஏந்திக் கொஞ்ச நேரம் காத்திருந்து பாருங்கள். முதலில் வெறும் கருகல் வாசனையாக இருந்தது மெல்லக் காபியாகும், பிறகு கறுப்புச் சாக்லேட்டாகும். அந்த மாற்றத்தைக் குறித்துக்கொள்ளாமல் போடும் மதிப்பெண்ணில் பாதி பீர் விட்டுப்போயிருக்கும்.

லேபிளுக்கு மதிப்பெண் போடுவது

கூட்டுத் தயாரிப்பில் இந்த ஆபத்து இரட்டிப்பு. பிடித்த ப்ரூவரியின் பெயர் ஒன்று லேபிளில் இருந்தாலே கை தானாக ஒரு மதிப்பெண் கூட்டிப் போடும். வேறொருவரை ஊற்றச் சொல்லுங்கள்; தம்ளருக்கு அடியில் எண் ஒட்டட்டும். வகையை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், பெயர் பிறகு.

பில்ஸ்னரையும் ஸ்டவுட்டையும் மோதவிடுவது

"எது எனக்குப் பிடித்தது" என்பது ஒரு கேள்வி. "இது நல்ல பில்ஸ்னரா" என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் நோட்டில் தனித்தனிப் பத்தி வையுங்கள். பீர் போட்டி நடுவர்களுக்குச் சான்றளிக்கும் பிஜேசிபி அமைப்பின் நடுவர்களிடம் உள்ள 50 மதிப்பெண் தாளில் மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் பதத்துக்கு 5, ஒட்டுமொத்த உணர்வுக்கு 10. அந்தந்த வகையின் இலக்கணத்தை வைத்துத்தான் அவர்கள் அளக்கிறார்கள். இப்படி அளந்தால் பில்ஸ்னர் போன்ற அமைதியான லாகரும் மேலே வரும்.

ஐபிஏவைப் பிறகு பார்க்கலாம் என்று எடுத்துவைப்பது

ஹாப்ஸ் மணம்தான் முதலில் போகும். ஐபிஏவை முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். இம்பீரியல் ஸ்டவுட் காத்திருக்கும்.

பழைய குறிப்பைத் திருத்துவது

பழைய வரியை அடிக்காதீர்கள். கீழே தேதி போட்டுப் புதிதாக எழுதுங்கள். என் நோட்டில் அந்தக் கோல்ஷுக்கு நேரே "சுவையில்லை" என்ற வரி இன்னும் அப்படியே இருக்கிறது.